ஐப்பசித் தும்பி

ஐப்பசி மாதத்தில் பாலக்காட்டு மாவட்டத்தின் கிழக்கெல்லையிலுள்ள கொழிஞ்சாம்பாறைக்கோ வேலந்தாவளத்திற்கோ செல்பவர்கள் ஒரு காட்சியைக் காணத் தவறுவதில்லை. தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து, வடகிழக்குப் பருவமழை இன்னும் வலுக்காத நாட்கள் அவை. ஏரிக்கரையின் மேலும், விளைந்து நிற்கும் நெல்வயலின் மேலும், ஆள் உயரத்திற்குச் சற்று மேலே பொன்னிறத் தட்டான்கள் நூற்றுக்கணக்கில் சுற்றிச் சுற்றிப் பறந்துகொண்டிருக்கும். அவை கிளையில் அமர்வதும் அரிது. மலரை நாடுவதும் இல்லை. காலையில் தொடங்கும் அந்தச் சுழற்சி மாலை வரையில் ஓய்வதில்லை. சில நாட்கள் இவ்வாறு கழியும். பின்னர் ஒரு நாள் பார்த்தால் பெரும்பாலானவற்றைக் காணோம். எங்கிருந்து வந்தன? எங்கே போயின?

இளமையில் இக்கேள்வி எனக்கு எழுந்ததில்லை. தட்டானைப் பிடித்து அதன் வாலில் நூல் கட்டிப் பறக்க விடுவதே எங்களுக்குத் தெரிந்த விளையாட்டு. பாலக்காட்டுப் பிள்ளைகள் சிலர் அதன் கால்களில் சிறு கல்லைக் கொடுத்துத் தூக்கச் செய்வார்கள். எளியவர்மேல் தாங்கவியலாத சுமையை ஏற்றுவதைக் குறிக்க, தும்பியைக் கொண்டு கல்லெடுப்பிப்பது என்றே மலையாளத்தில் ஒரு வழக்கு உண்டு. ஒருநாள் நான் நூல் கட்டிய தட்டானோடு வீட்டுத் திண்ணையில் நிற்கையில் அம்மாயி கண்டுவிட்டார். “அதும் அதோட ஊருக்குப் போகோணுமல்லோ கண்ணு, அவுத்து உட்டுரு” என்றார். தட்டானுக்கு ஏது ஊர் என்று மனத்துள் நகைத்தவாறே அவிழ்த்து விட்டேன்.

மத்திய அரசின் மொழிபெயர்ப்பாளனாகத் தலைநகருக்கு வந்து பல ஆண்டுகள் கழித்தே அந்தச் சொல்லின் பொருள் எனக்கு விளங்கியது. ஆகஸ்டு மாதத்தில், மழை விட்ட ஒரு மாலைப் பொழுதில், இந்தியா கேட்டினருகே உள்ள புல்வெளியில் அதே பொன்னிறத் தட்டான்கள் கூட்டமாகப் பறப்பதைக் கண்டேன். எங்கள் ஊர்த் தட்டான் இங்கும் இருக்கிறதே என்று மகிழ்ந்தேன். பிறகு நூல்களைப் புரட்டியபோதுதான், அதனை எங்கள் ஊர்த் தட்டான் என்று சொல்வது எவ்வளவு பொருந்தும் என்பதே ஐயத்திற்குரியதாயிற்று. அந்த வரலாற்றையே இங்குக் கூற விழைகின்றேன்.

முதலில் பெயரைப் பார்ப்போம். தட்டான், தட்டாரப்பூச்சி, தும்பி என்றெல்லாம் நாம் வழங்குகிறோம். பழந்தமிழில் தும்பி என்னும் சொல் வண்டினத்தையே குறித்தது. மலையாளத்தில் அச்சொல் தட்டானுக்கே உரியதாய் நிலைத்துவிட்டது. நம் ஐப்பசியே அவர்களுடைய துலா மாதம். அம்மாதத்தில் பெருகித் தோன்றுவதால் இப்பூச்சியைத் துலாத்தும்பி என்பர். ஓணத்தும்பி என்பது வேறு; அதன் இறகுகளில் மஞ்சளும் கருமையும் கலந்த கோலங்கள் உண்டு. துலாத்தும்பியின் இறகுகளோ கண்ணாடிபோல் தெளிந்தவை. உடல் பழுத்த மஞ்சள் நிறம். நீளம் ஏறத்தாழ நாலரைச் சென்டிமீட்டர். விரித்த இறகுகளின் அகலம் ஏழு, எட்டுச் சென்டிமீட்டர் இருக்கும். விஞ்ஞானிகள் இதற்கு இட்ட பெயர் பான்டாலா ஃப்ளாவெசென்ஸ் என்பது. 1798-ஆம் ஆண்டில் ஃபாப்ரீஷியஸ் என்ற டேனிஷ் அறிஞர் இதனை முதன்முதலில் விவரித்து எழுதினார். இந்தியத் தட்டான்களைப் பற்றி மூன்று தொகுதிகள் எழுதி 1933 முதல் 1936 வரை வெளியிட்ட எஃப்.சி. ஃப்ரேசர் ஒரு படை மருத்துவர். மேற்குத் தொடர்ச்சி மலையின் தட்டான்களைப் பற்றி இன்று நாம் அறிந்தவற்றுள் பெரும்பகுதிக்கு அவருடைய உழைப்பே அடிப்படை.

இனி இதன் வாழ்க்கையைக் காண்போம். தட்டானை நாம் வானத்துப் பூச்சி என்று கருதுகிறோம். உண்மையில் அது பிறப்பதும் வளர்வதும் நீரில்தான். ஆணும் பெண்ணும் ஒரு வளையம்போல் இணைந்து பறந்த பின்னர், பெண் தும்பி நீர்ப்பரப்பின்மேல் தாழ்ந்து, உடலின் நுனியால் நீரைத் தொட்டுத் தொட்டு முட்டையிடுகிறது. பல வேளைகளில் ஆணும் அதன் கழுத்தைப் பற்றியவாறு உடன் பறக்கும். ஒரு பெண் தும்பி ஐந்நூறு முதல் இரண்டாயிரம் வரை முட்டையிடக்கூடும். ஏறத்தாழ ஐந்து நாட்களில் முட்டைகள் பொரிக்கின்றன.

வெளிவரும் இளம்பூச்சிக்கு இறகு கிடையாது. மண்ணிறமான தடித்த உடலே உண்டு. அதனைத் தட்டானின் பிள்ளை என்று சொன்னால் நம்புவார் அரிது. அது மூச்சு விடும் முறை விந்தையானது. அதன் செவுள்கள் குடலின் பின்பகுதியில் அமைந்துள்ளன. பின்புறத் துளையின் வழியே நீரை உள்ளிழுத்து வெளிவிட்டு அது சுவாசிக்கிறது. ஆபத்து நேர்ந்தால் அந்நீரையே வேகமாகப் பீச்சி, அதன் உந்துதலால் அம்புபோல் முன்னோக்கிப் பாய்கிறது. ஜெட் விமானம் இயங்கும் தத்துவமும் இதுவே அன்றோ!

இரை பிடிக்கும் கருவியும் வியப்பிற்குரியது. அதன் கீழுதடு கைபோல் மடிந்து முகத்தை மூடியிருக்கும். நுனியில் கொக்கிகள் உண்டு. கொசுப்புழுவோ சிறு தலைப்பிரட்டையோ அருகே வந்தால், கண்ணிமைக்கும் நேரத்தில் அவ்வுதடு நீண்டு இரையைப் பற்றி வாய்க்குள் கொணர்ந்துவிடும். ஒரு குட்டையில் இவ்விளம்பூச்சிகள் நிறைந்திருந்தால் அங்குக் கொசுப்புழுக்கள் குறையும். நமக்கு இவை செய்யும் பேருதவி இது.

உடல் பருக்கப் பருக்கத் தோலை உரித்து உரித்து வளர்கிறது. வண்ணத்துப்பூச்சிக்கு இருப்பதுபோல் கூட்டுப்புழுப் பருவம் தட்டானுக்கு இல்லை. இளம்பூச்சியின் முதுகிலேயே இறகுகளின் மொட்டுகள் சிறிது சிறிதாக வளர்ந்து வருகின்றன. துலாத்தும்பியின் தனிச்சிறப்பு அது வளரும் வேகம். தட்டான் இனங்களுள் சில ஈராண்டு, மூவாண்டு நீரில் கழிப்பவை. துலாத்தும்பியின் இளம்பூச்சியோ 38 முதல் 65 நாட்களுக்குள் வளர்ந்து முடிந்துவிடுகிறது. இந்த விரைவுக்குக் காரணம் உண்டு. அது பெரும்பாலும் முட்டையிடுவது மழைநீர் தேங்கிய குட்டைகளில். அவற்றில் மீன்கள் இரா. ஆகவே இளம்பூச்சிகளைத் தின்பாரும் குறைவு. ஆனால் மழை ஓய்ந்து சில வாரங்களில் குட்டை வற்றிவிடும். அதற்குள் வளர்ந்து வெளியேறாவிடில் சேற்றோடு சேறாக மடிய வேண்டியதே. பகைவரற்ற வீட்டைத் தேர்ந்தெடுத்ததற்கு அது கொடுக்கும் விலை அவசரம்.

வெளியேறும் நேரம் பெரும்பாலும் இரவு. முற்றிய இளம்பூச்சி ஒரு புல்லின் தண்டைப் பற்றி நீரை விட்டு மேலேறுகிறது. முதுகுத் தோல் வெடிக்கிறது. தலையும் மார்பும் முதலில் வெளிவருகின்றன. பின்னர் கசங்கிய துணிபோன்ற இறகுகளும், கடைசியில் உடலின் நுனியும் வருகின்றன. உடலின் நீர்மம் நரம்புகளில் பாய, இறகுகள் மெல்ல விரிந்து உலர்கின்றன. விடியற்காலையில் அது முதன்முறையாகப் பறக்கிறது. புல்லில் எஞ்சி நிற்பது வெறுந்தோலே. குளக்கரையில் அதிகாலையில் உலாவும் பழக்கமுடையோர் அத்தோல்களைக் கண்டிருப்பர்.

பறத்தலில் தட்டானுக்கு இணையான பூச்சி இல்லை எனலாம். அதன் நான்கு இறகுகளையும் தனித்தனியே இயக்க வல்ல தசைகள் மார்பில் உள்ளன. ஆகவே நின்ற இடத்திலேயே பறக்கவும், திடீரெனத் திரும்பவும் அதற்கு இயலும். தலையின் பெரும்பகுதியை நிறைத்திருக்கும் கூட்டுக்கண்கள் ஆயிரக்கணக்கான சிறு கண்களால் ஆனவை. குறிவைத்த இரையில் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேல் தட்டான்கள் தவறவிடுவதில்லை என்று சோதனைகள் காட்டியுள்ளன. புலிக்கும் சிங்கத்திற்கும் இந்தத் திறமை இல்லை. துலாத்தும்பிக்கு மேலும் ஒரு வசதி உண்டு. அதன் பின்னிறகுகள் அடிப்பாகத்தில் மிக அகன்றவை. பருந்து வட்டமிடுவதுபோல் அது காற்றில் மிதக்கக் கூடும்; ஓயாது இறகடித்துச் சக்தியைச் செலவிட வேண்டுவதில்லை. வழியிற் கிட்டும் சிறு பூச்சிகளைப் பறந்தவாறே பிடித்துப் பறந்தவாறே உண்டு செல்கிறது.

இப்பொழுது நம் முதற் கேள்விக்கு வருவோம். குட்டை வற்றிவிட்டது, வளர்ந்த தும்பி தன் முட்டைகளை எங்கே இடும்? வேறெங்கேனும் புதுமழை பெய்த இடத்தை நாடியே ஆகவேண்டும். ஆகவே துலாத்தும்பி மழையைத் தொடர்ந்து செல்லும் பிராணியாயிற்று. தட்டான் தாழப் பறந்தால் மழை வரும் என்று நம் முன்னோர் கூறியதற்கும் இதில் ஓர் அடிப்படை உண்டு. மழையைச் சுமந்து வரும் காற்றிலேயே இத்தும்பியும் பயணம் செய்வதால், தும்பியின் வருகையும் மழையின் வருகையும் பெரும்பாலும் ஒன்றுபட்டு நிகழ்கின்றன.

இப்பயணம் எவ்வளவு தூரம் செல்கிறது என்பதை உணர்த்தியவர் மாலத்தீவில் வாழ்ந்த கடல்வாழ் உயிரின ஆராய்ச்சியாளர் சார்லஸ் ஆண்டர்சன். ஆண்டுதோறும் அக்டோபர் மாதத்தில் மாலத்தீவில் தட்டான்கள் இலட்சக்கணக்கில் வந்திறங்குவதை அவர் கவனித்தார். அத்தீவுகள் பவளப்பாறையால் ஆனவை. மழைநீர் மணலில் இறங்கிவிடுமாதலால் குளங்குட்டைகள் மிக அரிது. அங்கு அவ்வளவு தட்டான்கள் பிறந்திருக்க முடியாது. தென்னிந்தியாவிலிருந்து அத்தீவுகள் 500 முதல் 1,000 கிலோமீட்டர்த் தொலைவில் உள்ளன. இடையில் இருப்பது கடல். அமர ஒரு புல்லும் இல்லை.

மேலும் ஒரு புதிர் இருந்தது. அக்டோபர் மாதத்தில் மாலத்தீவின் தரைமட்டத்தில் வீசுவது பெரும்பாலும் மேல்காற்று. வடக்கேயிருந்து வரும் தும்பி அதனை எதிர்த்துக் கடலைக் கடப்பது எவ்வாறு? விடை உயரத்தில் இருந்தது. ஆயிரம் மீட்டருக்கு மேலே அப்பருவத்தில் வடகிழக்குக் காற்று வீசுகிறது. தும்பிகள் அவ்வுயரத்திற்கு ஏறி அக்காற்றில் மிதந்து வருகின்றன. வடகிழக்குக் காற்றும் தென்புறக் காற்றும் சந்திக்கும் இடத்தில் ஒரு மழைப்பட்டை உண்டாகித் தெற்கு நோக்கி நகர்கிறது. அதன் பின்னாலேயே தும்பிகளும் நகர்கின்றன. நவம்பர் மாதத்தில் ஸேஷெல்ஸ் தீவுகளிலும், டிசம்பரில் ஆப்பிரிக்காவுக்கு அருகிலுள்ள அல்டாப்ராவிலும் இவை தோன்றுகின்றன. கிழக்கு ஆப்பிரிக்காவின் மழைக்காலத்தில் அங்கு முட்டையிடுகின்றன. அடுத்த தலைமுறை தெற்கே மழையைத் தொடர்கிறது. அதற்கடுத்தது மீண்டும் வடக்கே திரும்புகிறது. ஜூன் மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலைக் கடந்து நம் நாட்டிற்கு வரும்பொழுது, அக்காற்றில் தும்பிகளும் வருகின்றன. இந்தச் சுற்றுப் பயணம் 14,000 முதல் 18,000 கிலோமீட்டர் வரை இருக்கும் என்றும், நான்கு தலைமுறைகள் சேர்ந்தே இதனை முடிக்கின்றன என்றும் ஆண்டர்சன் 2009-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில் கணித்தார்.

பின்னர் வந்த சோதனைகள் இக்கருத்துக்கு வலுவூட்டின. மழைநீரில் உள்ள கனமான ஹைட்ரஜனின் அளவு இடத்திற்கு இடம் மாறுபடும். இளம்பூச்சி வளர்ந்த நீரின் அடையாளம் அதன் இறகுகளிலும் பதிந்துவிடுகிறது. மாலத்தீவில் பிடித்த தும்பிகளின் இறகுகளை இவ்வாறு ஆராய்ந்து 2012-ல் முடிவுகளை வெளியிட்டனர். அவை தென்னிந்தியாவில் பிறந்தவை அல்ல. வட இந்தியாவிலோ அதற்கும் அப்பாலோ பிறந்தவையாக இருத்தல் கூடும் என்று அம்முடிவுகள் காட்டின. அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தார் 2016-ல் வெளியிட்ட ஆராய்ச்சியோ, கண்டங்கள் பலவற்றிலிருந்து எடுத்த துலாத்தும்பிகளின் மரபணுக்கள் வியக்கத்தக்க வகையில் ஒத்திருப்பதைக் கண்டது. பசிபிக் பெருங்கடலின் நடுவே தனித்துக் கிடக்கும் ஈஸ்டர் தீவிலும் வாழும் ஒரே தட்டான் இனம் இதுவே.

தில்லியிலும் கான்பூரிலும் வாழும் நேயர்கள் இவ்விடத்தில் சற்று நின்று சிந்திக்க வேண்டுகிறேன். ஆகஸ்டு மாதத்தில் உங்கள் வீட்டின் முன் தேங்கிய மழைநீரில் வளர்ந்த தும்பி, ஐப்பசியில் நம் ஊர்ப்பக்கத்து வயலின்மேல் பறந்து, கார்த்திகையில் மாலத்தீவைத் தாண்டியிருக்கலாம். நாம் விடுமுறைக்கு ஊர் செல்லப் பயணச்சீட்டு வாங்குவதற்கு முன்னரே அது புறப்பட்டுவிடுகிறது. நாகாலாந்திலும் அஸ்ஸாமிலும் இருப்போர் அமூர் வல்லூறு என்ற சிறு பருந்தை அறிவர். அக்டோபர், நவம்பர் மாதங்களில் நாகாலாந்தின் டோயாங் நீர்த்தேக்கத்தின் அருகே அது பெருந்திரளாக இறங்குகிறது. அங்கிருந்து அதுவும் இந்துமாக்கடலைக் கடந்து ஆப்பிரிக்கா செல்கிறது. கடலின்மேல் அதற்குக் கட்டுச்சோறு இந்தத் தும்பிகளே என்பது ஆண்டர்சனின் கருத்து.

இடுக்கி மாவட்டத்தின் எல்லையிலும் இக்காட்சியைக் கண்டிருக்கிறேன். போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு ஏறி, பூப்பாறைக்குச் செல்லும் வழியில் ஏலத்தோட்டங்கள் தொடங்குகின்றன. போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் தமிழ்த் தொழிலாளர்கள் அதிகாலையில் ஜீப்புகளில் மலையேறி வேலைக்குச் சென்று மாலையில் இறங்குகின்றனர். அவர்களுடைய தலைக்கு மேலே, மலைமுகட்டைத் தழுவிச் செல்லும் காற்றில் தும்பிகள் எல்லையைக் கடந்துகொண்டிருந்தன. அவற்றைக் கேட்பார் எவருமில்லை.

ஆனால் அவற்றின் பாதையில் இடர்கள் பெருகி வருகின்றன. ஏலத்திற்கு அடிக்கடி பூச்சிமருந்து தெளிக்கின்றனர். தோட்டங்களில் பாசனத்திற்காகத் தார்ப்பாய் விரித்த குளங்களை வெட்டியிருக்கின்றனர். அவற்றைப் படுதாக்குளம் என்பர். தும்பிக்கு அது நல்ல பிள்ளைத்தொட்டிலாகக் கூடியதே. மருந்து கலந்த நீர் அதில் வடிந்தாலோ, முட்டையிட்ட இடமே சுடுகாடாகிறது. பாலக்காட்டுப் பக்கத்தில் வயல்கள் வீட்டுமனைகளாக மாறின. இதனைத் தடுக்கக் கேரள அரசு 2008-ல் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. எனினும் அதற்கு முன்னரே தூர்ந்தவை பல. நான் தட்டான் பிடித்த குட்டை இன்று இல்லை. அவ்விடத்தில் ஒரு சிமெண்டுத் தளம் இருக்கிறது. சென்ற ஐப்பசியில் ஊருக்குச் சென்றபோது, அத்தளத்தில் நிறுத்தியிருந்த காரின் பளபளக்கும் மேற்பரப்பை ஒரு பெண் தும்பி தொட்டுத் தொட்டு எழுந்தது. நீர்ப்பரப்பிலிருந்து மீளும் ஒளியின் தன்மையைக் கொண்டே தட்டான்கள் நீரை அறிகின்றன. கண்ணாடியும் வண்ணம் பூசிய தகடும் அவ்வாறே ஒளியைத் திருப்புவதால் அவை ஏமாறுகின்றன. அந்தச் சூடான தகட்டின்மேல் இட்ட முட்டைகள் என்னவாகும் என்று சொல்ல வேண்டுவதில்லை.

ஆயிரக்கணக்கான மைல் பறந்து வந்த ஓர் உயிருக்கு நாம் செய்யக்கூடியது பெரிதன்று. ஊரில் நிலம் உடையோர் மழைநீர் தேங்கும் பள்ளம் ஒன்றையேனும் தூர்க்காமல் விடலாம். அதில் எண்ணெயையும் மருந்தையும் கொட்டாதிருக்கலாம். கொசு வருமே என்று அஞ்சுவோர் வீட்டைச் சுற்றியுள்ள உடைந்த சட்டிகளையும் தொட்டிகளையும் கவிழ்த்து வைக்கட்டும். வயலோரத்துக் குட்டையைத் தும்பியின் பிள்ளைகளிடம் விட்டுவிடட்டும். நம் குழந்தைகளுக்கு அதன் வாலில் நூல் கட்டக் கற்பிக்காமல், அதன் வழியை நிலப்படத்தில் காட்டக் கற்பிக்கலாம்.

ஒன்று மட்டும் என் மனத்தை விட்டு அகலவில்லை. இங்கிருந்து புறப்படும் தும்பி திரும்பி வருவதில்லை. வருவது அதன் பேரனின் பிள்ளை. அது இந்நாட்டை முன்பு கண்டதில்லை. வழி சொல்லிக் கொடுப்பாரும் இல்லை. ஆயினும் உரிய மாதத்தில் உரிய காற்றில் வந்துசேர்கிறது. பிற மாநிலங்களில் பிறந்து வளரும் நம் பிள்ளைகளைப் பற்றிக் கவலைப்படும் பெற்றோர் பலரை நான் அறிவேன். நானும் அவர்களுள் ஒருவன். பூச்சியின் இயல்பு மனிதருக்குப் பொருந்தாது. தும்பிக்கு வழி உடலிலேயே எழுதப்பட்டிருக்கிறது. நம் பிள்ளைகளுக்கோ நாம்தான் சொல்லியாக வேண்டும். வந்து சேர்ந்தால் இறங்குவதற்கு ஒரு குட்டை இருக்க வேண்டும் என்பது மட்டும் இருவருக்கும் பொது.

அடுத்த மழைக்காலத்தில், நீங்கள் இருக்கும் ஊரில், மாலை வெயிலில் பொன்னிறத் தட்டான்கள் வட்டமிடக் கண்டால் சிறிது நேரம் நின்று பாருங்கள். அம்மாயி சொன்னது உண்மை. அவற்றிற்கும் ஊருக்குப் போக வேண்டும்.